அளவெடுக்காத சட்டை

எஸ்தர்: ஸ்க்ரீன்ல அந்தப் பொம்பளைய மறுபடி குனிய விடு, பாப்போம்.

பவதாரிணி: விட்டாச்சுக்கா... பாருங்க. முதுகு சட்டையத் தாண்டி வெளிய வருது.

எஸ்தர்: கம்ப்யூட்டர்லயும் அவளுக்குக் கிழிஞ்ச சட்டைதானா?

பவதாரிணி: சிரிக்காதீங்க. பதினோரு மணிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பணும். அவங்க வேணாம்னுட்டா எனக்கு இங்க வேலை கெடையாது. மேனேஜர் நேத்தே சொல்லிட்டாரு. பெட்டியத் தூக்கிக்கிட்டு அவனியாபுரத்துல ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

எஸ்தர்: அப்ப சட்டையத் தூக்கிரு. அவங்க கேட்டது என்ன? வீடியோ கேம்ல நாத்து நடுற பொம்பளைக்கு ஒரு சேலை, ஒரு ஜாக்கெட். அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஆம்பளச் சட்டைய யாரு மாட்டச் சொன்னா?

பவதாரிணி: சட்டை இல்லாம எப்பிடிக்கா வயல்ல இறங்குவா? நாத்து உரசிக் கை பூராம் கோடு கோடா அரிச்சுத் தள்ளிரும். வெயிலு வேற...

எஸ்தர்: ஒனக்கு எப்பிடித் தெரியும்?

பவதாரிணி: ...யூடியூப்ல பாத்தேன்.

எஸ்தர்: ம்.

பவதாரிணி: ஒங்களுக்குத் தெரியாது. நீங்க டீச்சர் பொண்ணுன்னு ஆபீஸே சொல்லுது. வயல பஸ் ஜன்னல்ல பாத்ததோட சரி.

எஸ்தர்: சொல்லிட்டுப் போகட்டும். கையத் தூக்க விடு.

பவதாரிணி: தூக்குனா அக்குள் பிதுங்குது. எந்த எலும்பு அசைஞ்சா எந்தத் துணி அசையணும்னு இடம் இடமா கலர் பூசிப் பூசிக் கையே வலிக்குது. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

எஸ்தர்: பூசுனது சரியாத்தான் இருக்கு. சட்டைய யாரு ஒடம்புக்கு அளவெடுத்த?

பவதாரிணி: இவ ஒடம்புக்குத்தான். தோளு, மாரு, இடுப்பு... ஒரு நூல் பிசகல.

எஸ்தர்: அதான் தப்பு.

பவதாரிணி: அளவாத் தச்சது தப்பா?

எஸ்தர்: அது அவ சட்டையா? வீட்டு ஆம்பளை கழட்டிப் போட்டது. இவளுக்குன்னு எவன் அளவெடுத்தான்? தோள் தையலு இவ தோள்ல நிக்குமா?

பவதாரிணி: நிக்காது. சரிஞ்சு கைப்பக்கம் தொங்கும்... அடக் கடவுளே. ஜாக்கெட் தைக்கிற மாதிரியில்ல தச்சு வச்சிருக்கேன்.

எஸ்தர்: போன மாசம் வேற கேமுக்கு ஒரு பஸ் கண்டக்டர் செஞ்சோமே, அவன் இருக்கானா?

பவதாரிணி: இருக்கான். அவன் தொப்பைக்காரன்க்கா.

எஸ்தர்: நல்லதாப் போச்சு, காத்தோட்டமா இருக்கும். அவன் அளவுக்குச் சட்டையச் செஞ்சு இவ மேல போடு. கைய முழங்கைக்கு மேல மடிச்சு விடு.

பவதாரிணி: இருங்க... இருங்க... ம், போட்டாச்சு. குனியுறா... அக்கா.

எஸ்தர்: பாத்தேன்.

பவதாரிணி: முதுகு முட்டலக்கா. ஒடம்பு தன் போக்குல குனியுது, சட்டை தன் போக்குல பின்னாடியே போகுது.

எஸ்தர்: கழுத்துப் பக்கம் தொங்குது பாரு. கடைசிப் பட்டன் வரைக்கும் போட்டுவிடு. வரப்புல நிக்கிறவன் கண்ணு சும்மா இருக்காது.

பவதாரிணி: இதெல்லாம் ஒங்களுக்கு...

எஸ்தர்: பஸ் ஜன்னல்ல பாத்தேன். அனுப்புடி, மணியாச்சு.

பவதாரிணி: ...அனுப்பிட்டேன்.

எஸ்தர்: வா, கீழ போயி டீ குடிச்சுட்டு வருவோம்.

பவதாரிணி: நான் வரல. எனக்கு எதுவும் எறங்காது.

எஸ்தர்: சரி, இங்கயே ஒக்காந்து நகத்தைக் கடி. நான் குடிச்சுட்டு வாரேன்.

பவதாரிணி: அக்கா, டீ குடிக்க இவ்வளவு நேரமா? பதில் வந்துருக்கு. நீங்களே படிங்க, என்னால முடியாது.

எஸ்தர்: தள்ளு... ம்... ம்...

பவதாரிணி: சொல்லுங்களேன்.

எஸ்தர்: அவங்க கேட்டத விட இதுதான் நெசமா இருக்காம். சட்டையப் பாத்ததும் அவ உசிரோட வயல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சாம். வயல் முழுக்க இதே மாதிரி பொம்பளைக வேணுமாம். மொத்த வேலையும் நமக்கு.

பவதாரிணி: நெசமாவாக்கா?

எஸ்தர்: மேனேஜருக்கும் போயிருக்கு. அங்க பாரு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்னையப் பாத்துக் கட்டவிரலத் தூக்குறாரு. இனிமே எந்த பஸ்ஸும் ஏற வேணாம். அழுகாதடி, இன்னும் ஒரு கேள்வி இருக்கு. யாரைப் பாத்துச் செஞ்சீங்கன்னு கேக்குறாங்க. கேம் முடியிறப்போ அந்தப் பேரைப் போடுவாங்களாம். என்ன எழுத, யூடியூப்னா?

பவதாரிணி: வேணாம்.

எஸ்தர்: அப்பறம்?

பவதாரிணி: எங்கப்பா சட்டைன்னு எழுதுங்க. காலேஜ் லீவு பூராம் அதைப் போட்டுக்கிட்டுத்தான் திருவாதவூர்ல கூலிக்கு நட்டேன். இங்க யார்ட்டயும் சொன்னதில்ல. சொன்னா வேற மாதிரி பாப்பாங்கன்னு... இன்னைக்கு எழுதணும்போல இருக்குக்கா. என்னக்கா, இவ்வளவு நேரமா டைப் அடிக்கிறீங்க?

எஸ்தர்: டைப் அடிச்சுட்டேன், படிக்கிறேன் கேளு. 'நாத்து நட்ட ரெண்டு பேரைப் பாத்துச் செஞ்சது. பவதாரிணி, அவங்க அப்பா சட்டையில. எஸ்தர், அவங்க அண்ணன் சட்டையில.'