ஏழாம் எண் முத்திரை

காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கொடுப்பார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்பே ஒருமுறை வந்திருப்பேன். கோப்பையின் விளிம்பில் லேசாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. பரவாயில்லை, என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுதான். சேகி ஊரில் முப்பத்தோரு வருடம் கத்தி ஆலையில் தரம் பார்த்தவளுக்கு இது ஒரு வியாதி. உங்கள் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருக்கிறது, ஹிபினோ சான். நீங்களே தைத்துக்கொண்டது போலிருக்கிறது. வீட்டில் அவர்கள் ஊரில் இல்லையா? சரி, அதையெல்லாம் எழுத வேண்டாம்.

எழுத வேண்டியது குமாசாகி வீட்டு மரணத்தைப் பற்றி. பத்திரிகையில் ஒரு சொல் தவறாக வந்துவிட்டது. அதே சொல் உங்கள் காகிதத்திலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் காலையிலேயே கிளம்பி வந்தேன்.

குமாசாகி எனக்கு எதிர் வீடு. நாற்பது வருடம் தபால் நிலையத்தில் பொட்டலங்களை எடை போட்ட மனிதர். ஓய்வு பெற்ற பிறகு எடை போட எதுவும் இல்லாமல், கண்ணில் பட்ட தக்காளியை எல்லாம் கையில் தூக்கி, "நூத்தி எண்பது கிராம்" என்பார். அவர் மனைவி ஃபுசாகோ தராசில் வைத்துப் பார்த்தால் நூற்று எழுபத்தெட்டு இருக்கும். மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தக்காளியைச் சரியாகச் சொன்னவுடன் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தனக்கு எடை போடத் தெரியும் என்று நினைத்துவிட்டார். ஆண்களுக்கு எழுபது வயதுக்கு மேல் வருகிற கோளாறு.

போன அக்டோபரில் கோயில் சந்தையில் அந்தக் கத்தியை வாங்கினார். 'மீன்கொத்தி' என்று பெயர். எங்கள் ஆலை இரண்டே வருடம் செய்து, பத்தொன்பது வருடத்துக்கு முன் நிறுத்திவிட்ட மடக்குக் கத்தி. பெட்டி பிரிக்காமல் அப்படியே கிடைத்திருக்கிறது. நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஹிசாயே சான், இதைத் தினமும் பாக்கெட்ல வச்சுக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க. உங்க ஆலைக் கொழந்தைதான்."

"கொழந்தையா? பத்தொன்பது வயசு. மாப்பிள்ளை பாக்கலாம்."

சிரித்தார். அன்றைக்கு எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மடக்குக் கத்தியை முதலில் காதால் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அலகைத் தள்ளித் திறக்கும்போது கடைசியில் ஒரு சத்தம் வரும். நல்ல கத்தி ஒரே ஒரு முறை 'டக்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது முறை ஏதாவது முணுமுணுத்தால் உள்ளே எங்கோ தளர்ச்சி. பிறகு மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். அலகு இரண்டு பக்கமும் ஒட்டாமல் நடுவில் படுத்திருக்க வேண்டும். பிறகு நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. கடைசியில், திறந்த அலகின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ணுவது. பிடிக்குள்ளே ஒரு கொக்கி இருக்கிறது. அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் அது விழுந்து பூட்டிக்கொள்ளும். அந்தப் பள்ளம் சரியில்லை என்றால் மற்ற அழகெல்லாம் வீண். கத்தி உங்கள் கையை நோக்கித்தான் மடங்கும்.

மீன்கொத்தி அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. கருங்காலிப் பிடி, உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல. எடை ஒரு பெரிய முட்டைக்குக் கொஞ்சம் அதிகம். பையில் இருப்பதே தெரியாது, ஆனால் இல்லாவிட்டால் தெரியும். தினமும் கூட வைத்துக்கொள்கிற பொருளுக்கு அதுதான் சரியான எடை. அலகு மூன்றடுக்கு எஃகு, இத்தனை வருடத்துக்குப் பிறகும் காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுத்தது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் முதுகை அழுத்தினேன். ஆறு எண்ணும்போது கொக்கி நழுவியது. பள்ளம் ஒரு தலைமுடி கனம் ஆழம் குறைவு.

"வீட்ல வச்சுப் பேரிக்காய் உரிங்க," என்றேன். "வெளிய எடுத்துட்டுப் போகாதீங்க. அழுத்தம் வந்தா மடங்கிடும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நன்றி சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை குப்பை நாள். அந்த மாதம் குப்பைக் கண்காணிப்பு என் முறை. எங்கள் பகுதியில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: கண்ணாடி மாதிரிப் பை, பிளாஸ்டிக் தனி, டப்பா தனி. சரியாகப் பிரித்திருக்கிறார்களா என்று நான் ஒவ்வொரு பையையும் பார்ப்பேன். எனக்கு அதில் ஆசை என்று சொல்வார்கள். பார்க்க வேண்டாம் என்றால் நகராட்சி ஏன் கண்ணாடிப் பை கொடுக்கிறது?

தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். குமாசாகி ஒரு சிறிய சீட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பெட்டிக்குள்ள இருந்துச்சு. 'தேர்ச்சி. பரிசோதகர் எண் ஏழு.' யாருங்க இந்த ஏழு?"

ஏழு யார் என்று சேகியில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.

"அன்னைக்குப் பாஸ், நேத்து ஃபெயில். எது பொய்?" என்றார். பிறகு தானே பதிலும் சொன்னார். "திறந்தே பாத்திருக்க மாட்டாங்க. மூடுன பெட்டி மேலயே சப்புனு ஒரு குத்து!"

முத்திரை குத்துவது போலத் தன் உள்ளங்கையில் குத்திக் காட்டினார். நன்றாக நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு போயிருந்தால் பேரிக்காய் உரித்துக்கொண்டு இன்னும் இருந்திருப்பார். போகவில்லை. மீன் கடையில், "ஏழாம் நம்பர் அக்கா வந்தாச்சு, செவுளைத் திறந்து காட்ட வேணாம், அப்படியே கட்டு" என்றார்கள். வெந்நீர்க் குளியல் கூடத்தில், "ஏழு பாத்துட்டாங்கன்னா தண்ணி சூடுதான், தொட்டுக்கூடப் பாக்காதீங்க" என்றார்கள். என்னோடு முப்பது வருடம் பழகியவர்கள். குப்பைப் பையை நான் குனிந்து பார்த்தால், பின்னாலிருந்து யாராவது தன் உள்ளங்கையில் 'சப்' என்று குத்துகிற சத்தம் கேட்கும். குளிர்காலம் முழுக்க அந்தச் சத்தம். நான் கோபப்படவில்லை. என்னைக் கேட்டுப் பாருங்கள், யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் குமாசாகி வீட்டுப் பையில் புளித்த சோயாவான நாட்டோவின் கிண்ணங்கள் வராமல் போயின. அவர் காலையில் இரண்டு கிண்ணம் நாட்டோ இல்லாமல் சோற்றைத் தொடாத ஆள். திடீரென்று ஒன்றுகூட இல்லை; பதிலுக்கு மாத்திரை அட்டைகள். எழுபது தாண்டியவர் ஒரே நாளில் நாட்டோவை விட்டால் அதற்கு என்ன காரணம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? இதயத்துக்காக ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை. நாட்டோ சாப்பிட்டால் அது வேலை செய்யாது. அவர்கள் வெளியே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் தெருச் செய்தி ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மார்ச் கடைசியில் குமாசாகி மறுபடியும் என் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பெட்டி. தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஆட்டம் கொடுக்குதுங்க. தெனமும் பாக்கெட்ல வச்சுக்கணும்னு ஆசையா வாங்குனேன். அன்னைக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது. மனசுல வச்சுக்காம ஒரு கை பாத்துக் குடுங்க."

"விளையாட்டுக்குத்தானே," என்றேன். "வச்சுட்டுப் போங்க."

இரண்டு நாள் வைத்திருந்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்கினேன். கொக்கிக்குள் இருந்த சுருள்வில்லைக் கொஞ்சம் விறைப்பாக்கினேன்; இப்போது 'டக்' சத்தம் கேட்க அருமையாக இருந்தது. அலகைத் தீட்டினேன், கை ரோமம் தொட்டதும் உதிர்கிற அளவுக்கு. கடைசியாக எண்ணெய்க் கல்லை எடுத்து, கொக்கியின் விளிம்பை மூன்று முறை தேய்த்து மழுக்கினேன். இரண்டு போதாது, நான்கு அதிகம். நான்கு தேய்த்தால் கட்டைவிரலுக்கே நழுவிவிடும். மூன்று என்றால் நேராக அழுத்தினால் நிற்கும். எதிலாவது குத்தி முறுக்கினால் நிற்காது.

அவர் வந்து திறந்தார், மடக்கினார், திறந்தார். என் எதிரிலேயே முதுகை அழுத்திப் பத்து எண்ணினார். கொக்கி அசையவில்லை.

"பாஸா?" என்றார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"பாஸ்," என்றேன்.

அதில் பொய் இல்லை. பரிசோதனைத் தாளில் இருப்பது பத்து எண்ணும்வரை அழுத்துவது மட்டும்தான். முறுக்குவது தாளில் இல்லை.

அப்புறம் சட்டம். காரணமில்லாமல் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் நீங்கள் பிடித்து உட்கார வைத்துவிடுவீர்கள் என்று அவருக்கு ஒரே பயம். தபால்காரர் அல்லவா, விதியென்றால் நடுக்கம். தினமும் கத்தி வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தினமும் ஒரு காரணமும் வேண்டும். நான்தான் வழி சொன்னேன்.

"மூங்கில் குருத்து சீசன் வருதே. ஒரு கூடையை மாட்டிக்கிட்டு மேட்டு மூங்கில் தோப்புக்குப் போங்க. தோண்டுறதுக்குன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? காலையிலயே போனா ஆளும் இருக்காது, நல்ல குருத்தா அமையும்."

மறுநாளே கூடை வாங்கிவிட்டார். அதற்கும் மேலே போய், ஒரு காகிதத்தில் 'கத்தி வைத்திருக்கும் காரணம்: மூங்கில் குருத்து' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையும் வைத்துப் பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகச் சிரித்திருப்பீர்கள், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டிருப்பீர்கள். தினமும் காலை ஏழு மணிக்குக் கூடையோடு கிளம்புவார். குருத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். கத்திக்காகக் கூடை, கூடைக்காகத் தோப்பு. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து நான் கையசைப்பேன். அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவார்.

பன்னிரண்டு நாள். நான் நினைத்ததைவிட நான்கு நாள் அதிகம். பதின்மூன்றாவது நாள் நாயோடு நடக்கப் போன ஒருவர் அவர் கிடந்ததைப் பார்த்தார். தடித்த வேரில் கத்தியைக் குத்தி முறுக்கியிருக்கிறார், கொக்கி நழுவி அலகு கை மேல் மடங்கியிருக்கிறது. வெட்டு விரல்களோடு நின்றிருக்கலாம், ஆனால் கை வழுக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் வரை போய்விட்டது. துண்டை எடுத்து இறுக்கிக் கட்டியிருந்தார் என்றார்கள். தபால்காரர்கள் நன்றாகக் கட்டுவார்கள். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு அந்தக் கட்டு போதும்.

இறுதிச் சடங்குக்குப் போனேன். கறுப்பு உடை அலமாரியில் தயாராகத்தான் இருந்தது. சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஃபுசாகோ என் பக்கத்தில் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காதீங்க ஹிசாயே சான். பெட்டியில இருந்த அந்தச் சீட்டைப் பத்திரிகைக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு எத்தனை கத்தி பாத்திருப்பீங்க. ஒண்ணு கண்ணு தப்பியிருக்கும். மனுசங்கதானே. அவரு இருந்தாலும் உங்களைத் தப்பா நெனச்சிருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு எனக்கு ஒரு தட்டில் இனிப்பு முட்டைச் சுருள் எடுத்து வைத்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். யாரும் உள்ளங்கையில் குத்திக் காட்டவில்லை. ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சத்தமே இல்லை. எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள், ஹிபினோ சான். அந்த முட்டைச் சுருள் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது: 'பழைய கத்தி, பரிசோதனையில் அலட்சியம்.' அலட்சியம். முப்பத்தோரு வருடத்துக்கு ஒரே சொல்.

அதைத்தான் அடிக்க வேண்டும் என்கிறேன். கண் எதுவும் தப்பவில்லை. எந்தத் தேய்ப்புக்கு எது நடக்கும், எந்த மாத்திரைக்கு எது நிற்காது, எந்தத் தோப்பில் எந்த நேரம் ஆள் இருக்காது, எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தேன். என் கையிலிருந்து அவ்வளவு கவனமாக வேறு எந்தக் கத்தியும் போனதில்லை. குமாசாகியைக் கொன்றது நான். எண்ணெய்க் கல் சமையலறை இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்?

"இல்லம்மா, ஒண்ணு புரியல. பள்ளம் ஆழம் குறைவா இருந்தது ஆலையிலேர்ந்தே வந்த குறைன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ பத்தொன்பது வருசத்துக்கு முன்னாடி அந்தச் சீட்டுல ஏழு எப்படி விழுந்துச்சு?"

அது வேறு விஷயம். அன்று கத்தித் திருவிழாவுக்கு முந்தைய நாள். நானூறு பெட்டி அடுக்கியிருந்தார்கள். ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான்.

"திறந்து பாத்தீங்களா?"

நீங்கள் இளைஞர், உங்களுக்கு அந்தப் பேருந்தெல்லாம் தெரியாது. தேநீர் ஆறிவிட்டது, இன்னொரு கோப்பை கிடைக்குமா? அந்தக் கேள்வியையும், அதற்கு நான் சொன்ன பேருந்துக் கதையையும் மட்டும் வாக்குமூலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கல், மாத்திரை, கூடை, தோப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். என் பெயர் முத்திரையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். மற்ற பக்கங்களைத் திருப்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை. எங்கே குத்த வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.