எட்டு நிமிடத்தை மீட்ட ஜஹீரா அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அப்பாதுரை அவர்களே, மறைந்த ஜஹீரா அம்மையாரின் கணவர் கலீல் அவர்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்து டிபன் பாக்ஸை மடியில் வைத்திருக்கும் பயணிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தாம்பரம் ரயில் பயணிகள் சங்கச் செயலாளர், தொலைபேசி நிலைய ஊழியர் ஜஹீரா அம்மையார் நம்மிடையே இல்லை. அழத்தான் வந்தோம். ஆனால் ஜெயித்துக் காட்டிய ஒருவரைப் பற்றி அழுகுரலிலேயே பேச முடியுமா?

பத்து வருடங்களுக்கு முன்பு நம் வழித்தடத்தில் மின்கம்பியை மாற்றினார்களே, நினைவிருக்கிறதா? பழைய கம்பி, துணி காயப்போடும் கொடி மாதிரி. வெயிலில் தொய்ந்துவிடும். அதன் அடியில் வண்டி வேகமாக ஓடக் கூடாது. புதுக் கம்பியின் முனையில் கனமான எடைகளைத் தொங்கவிட்டார்கள். எந்த வெயிலிலும் விறைப்பாக நின்றது. எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்கு எட்டு நிமிடம் மிச்சம்! நாங்கள் வண்டிக்கு மாலை போட்டோம். நடைமேடை முழுக்க லட்டு கொடுத்தோம்.

அம்மையார் மட்டும் வாங்கவில்லை. "லட்டு அப்புறம் சார். முடிச்சூர் பஸ் போயிடுச்சு பாருங்க" என்றார்.

எப்படிப் போயிற்று? கம்பியை மாற்றியவர்கள் கால அட்டவணையை மாற்றவில்லை! சீக்கிரம் வந்த வண்டி, பழைய நேரம் ஆகும்வரை தாம்பரத்துக்கு முந்தைய நிலையமான சானடோரியத்தில் சும்மா நின்றது. எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அந்த எட்டு நிமிடம் யாருக்கு வேண்டும்? முன்வரிசையில் இருக்கும் கன்னியம்மாவுக்கு. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போய்வந்தவர். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம். "இனிமே என்னால பார்த்துக்க முடியாது" என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டார். வேலையை விட வேண்டிய நிலை.

அம்மையார் வாதாடவில்லை. அட்டவணை அதிகாரி லக்ஷ்மிநாராயணனை மாலை வண்டியில் ஏற்றி, கன்னியம்மாவுக்கு எதிரே உட்காரவைத்தார். சானடோரியத்தில் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஏம்மா, சிக்னல் விழலையா?" என்றார் அதிகாரி.

"அதெல்லாம் வுழுந்துட்ச்சு சார். நீங்க போட்ட டைம்தான் இன்னும் வர்ல. அதுக்கோசரம் நின்னுகினு கீது!" என்றார் கன்னியம்மா.

பெட்டியே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தாம்பரத்தில் இறங்கியதும் அம்மையார், "ஓடுங்க சார், பஸ் கிளம்புது!" என்று கத்தினார். கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படியில் அதிகாரியும் ஓடினார். பார்த்தது பஸ்ஸின் முதுகைத்தான்.

"நாளைக்கும் ஓடணுமா மேடம்?" என்றார், மூச்சு வாங்க.

"நாளைக்கு மட்டும் ஏன் சார்? அட்டவணை மாறுற வரைக்கும் ஓடலாம்!"

மாறியது! அடுத்த அட்டவணையிலேயே மாறியது! கன்னியம்மா அந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு பிடித்துப் போனார். வேலையை விடவில்லை. அன்றைய கைக்குழந்தை இன்று ஐந்தாம் வகுப்பு. இதைவிட ஒரு வெற்றி உண்டா?

இன்னும் ஒன்று பாக்கி. நம் வண்டி வந்து சேரும் முன்பே செங்கல்பட்டு வண்டி கிளம்பிவிடுகிறது. அதற்காகப் போராடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மையாரை இழந்தோம். நாம் விட்டுவிடுவோமா? விடமாட்டோம்! புதிய அதிகாரி வரும் புதன்கிழமை நம்மோடு பயணம் செய்கிறார். அவரை அழைத்துவரப் போகிறவர் சங்கத்தின் புதிய செயலாளர்.

கன்னியம்மா, மேலே வாம்மா. எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. நீ பேசு.