பென் டிரைவில் வந்த ஏரி

— மவுஸ்லேர்ந்து கைய எடும்மா. மீனவர் சொசைட்டி கம்ப்யூட்டர்ல கண்டதையும் ஏத்துனா தலைவர் என்னத்தான் கேப்பாரு. ரூல்ஸ்னா ரூல்ஸ்.

— ஏத்தவே இல்ல, தனசேகர் அண்ணா. பென் டிரைவ்லேர்ந்தே ஓடுது. உங்க விண்டோஸ் அதும்பாட்டுக்குப் பின்னாடி கீது, பாருங்க.

— அப்ப இது என்ன, கறுப்பா ஒரு ஜன்னல், உள்ள எழுத்தா ஓடுது? வைரஸா?

— லினக்ஸ். உங்க கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் கீற மாதிரி பாவனை பண்ணிகினு ஓடும். காலேஜ்ல மேடம் குடுத்தாங்க. வேல முடிஞ்சு உருவிட்டா, உங்க பொட்டியில எதுவும் மாறியிருக்காது.

— உன் லேப்டாப்புக்கு என்ன வந்துச்சு?

— ஏரித்தண்ணி பூந்து நேத்து செத்துப்போச்சு. மேப் போடற புரோகிராம இங்க ஏத்தலாம்னா பாஸ்வேர்டு தலைவர்கிட்ட கீது. அதான் கம்ப்யூட்டரையே பைல போட்டுகினு வந்துட்டேன்.

— நத்தை தோத்துடும் போல இருக்கே, இது ஓடற வேகத்துக்கு.

— பாவனைதானே, மெதுவாத்தான் வரும். ஏரி மேப்புக்கு ஆட்சேபணை அனுப்ப அஞ்சு மணி வரைக்கும் டைம் கீது. பொதுமக்கள் இந்தக் கம்ப்யூட்டர்லயே அனுப்பலாம்னு நோட்டீஸ் ஒட்டுனதும் நீங்கதான்.

— ஜமுனா, சொன்னா கேளு. தலைவர் பேசி முடிச்ச மேப்பு அது. ஊரோட ஒத்துப் போ.

— யார்கிட்ட பேசி முடிச்சாரு? எங்காளுங்கள்ல ஒருத்தரையாவது கூப்ட்டாரா? போட்டுக்காரங்க முறை வச்சு வலை போடற எடம், அந்தப் பாடு எல்லாம் மேப்ல கீது. நாங்க கையால எறா தடவுற எடத்துல மட்டும் காலினு போட்டுக்கீது. காலினு போனா நாளைக்கே எறாப் பண்ணைக்காரன் வந்து வேலி போடுவான். நாப்பது குடும்பம் இன்னா பண்ணும்?

— காலினு எழுதுனது நான்தான். எழுதச் சொன்னாங்க, எழுதுனேன். சம்பளம் வாங்கறவன் வேற என்ன பண்ணுவான்?

— தெரியும்ணா. அதான் உங்க எதிர்லயே ஒக்காந்து அழிக்கிறேன்.

— வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். அது என்ன, பொட்டு பொட்டா?

— முப்பத்தாறு எடம். ஒவ்வொண்ணுலயும் நானே நின்னு போன்ல குறிச்சது.

— எல்லாமே நடுத்தண்ணியில வுழுதே. தப்பா குறிச்சிருக்க. போட்டு இல்லாம அங்க எப்படிப் போன?

— நடந்துதான். போன பிளாஸ்டிக் கவர்ல சுத்தித் தலைக்கு மேல புடிச்சுகினு போனேன். கழுத்து முங்கற வரைக்கும் எங்களுக்கு அது தரைதாண்ணா.

— இரு, தலைவர் போன் பண்றாரு. மூச்சு வுடாத. சொல்லுங்க தலைவரே. ஆமா, அந்தப் பொண்ணுதான், இங்கதான் இருக்கு. பென் டிரைவ் வச்சு என்னமோ பண்ணுது. புடுங்கிடவா? சரி. சரி தலைவரே.

— புடுங்குங்க. திரும்பச் சொருவுவேன். கரண்ட நிறுத்துனா வர்ற வரைக்கும் இதே சேர்ல ஒக்காந்திருப்பேன். அஞ்சு மணி தாண்டிட்டா நாப்பது குடும்பத்தையும் கூட்டிகினு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போவேன். எறா தடவுறவளுக்குக் குளுருல நின்னு பழக்கம், வாசல்ல நிக்கறதா கஷ்டம்?

— பேசி முடிச்சிட்டியா?

— முடிச்சிட்டேன்.

— அப்ப நவுந்து ஒக்காரு. ஏரி கடல்ல சேர்ற வாய்க்கு வடக்கால, அந்த மணல் திட்டு கீது பாரு, அதுக்கு இந்தாண்ட ஒரு புள்ளி வையி. முப்பத்தேழு.

— அங்க யாருண்ணா தடவுறாங்க? எங்க ஆளுங்க யாரும் அங்க போறதில்லையே.

— ருக்குனு பேர எழுது. பறிக்கூடையப் பல்லுல கடிச்சுகினு அப்பல்லாம் அங்கதான் எறா தடவும், அதுலதான் என்னப் படிக்க வச்சுது. எங்கம்மா அதுன்னு இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தன்கிட்டயும் நான் சொன்னதில்ல.