நாலாவது சைக்கிள்

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை காலை, போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். அவர்களுடைய நண்பன் பஸ்ஸுக்கு மேலே சைக்கிள்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மலையிலேர்ந்து ஓட்டிக்கினு எறங்கப்போறது நாம மூணு பேரு. நாலு சைக்கிள் இன்னாத்துக்குடா?"

"ஒண்ணு மலையில இருக்கற கோவிந்தண்ணனுக்கு. போன வருஷம் எறக்கத்துல சைக்கிளோட வுழுந்து கால ஒடச்சிக்கினேன்ல? அவருதான் என்ன முதுவுல சொமந்துக்கினு ஆஸ்பத்திரி வரிக்கும் நடந்தாரு. காசு குடுத்தா கையாலகூட தொடல."

"அதுக்கு சைக்கிளா?"

"சந்தைக்கு இன்னமும் அவ்ளோ தூரம் நடந்துதான் வர்றாருடா."

"அவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் ரெண்டு நாளு அங்கியே தங்கறோம். நீ பின்னால சீட்ட கெட்டியா புடிச்சிக்கோ."