துருத்திக்கொண்டிருந்த வரி

நீங்கள் காட்டிய நாற்காலியில் யாரோ தேநீர் சிந்தியிருக்கிறார்கள். பரவாயில்லை ஐயா, கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். மேசை விளிம்பில் காய்ந்து ஒட்டியிருப்பது என்னவென்று கேட்கப்போவதில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இந்த ஸ்டேஷனில் பிடித்து வைத்திருப்பது என் தங்கையின் கணவனை. வீட்டில் மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். இங்கே அவன் என்றே சொல்கிறேன், வீண் மரியாதை எதற்கு. இருவருக்கும் ஒரே அலுவலகம். நோயாளிக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறோம். எச்சரிக்கை மணிப் பகுதி அவனுடையது. குழாய் மடங்கிக் காற்று நின்றுபோனால் இயந்திரம் கத்த வேண்டும்.

அவன் சாப்பிட்ட கையோடு தட்டச்சு செய்வான். விசைகளுக்கு நடுவே துணுக்குகள் கிடக்கும். விசை எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு மெதுவாக எழும்பும். எழுதும் நிரலும் அதே லட்சணம்தான். ஒரு வரி உள்ளே, ஒரு வரி வெளியே, நடுவில் காரணமே இல்லாமல் வெற்று வரிகள். அதைத் திறக்கும்போதெல்லாம் அடுத்தவர் எச்சில் தட்டில் கைவைத்தது போல எனக்குக் குமட்டும்.

அதனால்தான் அலுவலகத்துக்கு ஃபார்மேட்டரைக் கொண்டுவந்தேன். சேவ் செய்தவுடன் இடைவெளி, அடைப்புக்குறி, வரி முறிவு எல்லாவற்றையும் தானே ஒழுங்குபடுத்திவிடும் கருவி அது. நிரல் செய்கிற வேலையை மாற்றாது. தலையைச் சீவிவிடும், அவ்வளவுதான். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அவன் மட்டும் மணிப் பகுதிக்கு மேலே, இங்கே ஃபார்மேட்டர் தொடக்கூடாது என்று ஒரு குறிப்பைப் போட்டு வேலி கட்டிக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"விடுங்க மச்சான். அழகா இல்லாட்டியும் கத்த வேண்டிய நேரத்துல கத்தும்ல."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுரையீரல் கெட்டுப்போன பிறகு முதலில் என் வீட்டில்தான் இருந்தாள். கோழை துப்பும் கிண்ணத்தை மூடி வைக்கச் சொன்னேன். இருமும்போது துணியை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருநாள்கூட அதட்டியதில்லை, முகம் சுளித்திருக்கலாம். அம்மா ஒரு காலையில் பையைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"உன் வீட்டுல மூச்சு விடவே பயமா இருக்குடா."

அங்கே அந்தக் கிண்ணத்தை அவனே கழுவினான், கையுறைகூட இல்லாமல். அதே கையால் அம்மாவுக்கு ஊட்டியும் விட்டான். அவளும் வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் மகன் உடைத்தால் பொன்குடம், மருமகன் உடைத்தால் மண்குடம். எங்கள் நிறுவனத்து இயந்திரம் ஒன்றை அவள் கட்டிலருகே வைத்தான். புதிய பதிப்பு எதுவானாலும் ஊழியர் வீட்டு இயந்திரங்களில்தான் முதலில் ஓட்டிப் பார்ப்போம்.

ஒருநாள் மதியம் அவன் கணினியைப் பூட்டாமல் சாப்பிடப் போயிருந்தான். முதலில் அவன் விசைப்பலகையைத் துடைத்தேன். பிறகு அந்த வேலியை அழித்தேன். ஃபார்மேட்டர் ஒரே நொடியில் எல்லாவற்றையும் சீவி முடித்தது. ஒரு வரி மட்டும் அசையவில்லை. மணியை அடிக்கும் வரி. சுற்றியுள்ளவை எல்லாம் உள்ளே அடங்கியிருக்க, அது மட்டும் தெற்றுப்பல் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

நாங்கள் எழுதும் மொழியில் ஒரு வரி எங்கே தொடங்குகிறது என்பதற்கே பொருள் உண்டு. உள்ளே தள்ளினால் மேலே இருக்கும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுவிடும். கருவி அதைத் தொடாமல் விட்டது அதனால்தான். மேலே இருந்தது, பேட்டரியும் தீர்ந்திருந்தால் என்ற நிபந்தனை. நான் ஒரு விசையை அழுத்தினேன். நாலு இடைவெளி. வரி தன் கூட்டத்தோடு போய் நேராக நின்றுகொண்டது. இனி காற்று நின்றால் மட்டும் போதாது, பேட்டரியும் தீர்ந்திருந்தால்தான் மணி அடிக்கும்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சோதனை இயந்திரத்தில் குழாயை மடக்கிப் பிடித்துப் பார்த்தேன். அது கத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுத்தமான அமைதி. அதே விசையைத் திருப்பித் தட்டினால் போதும், பழையபடி ஆகியிருக்கும். ஆனால் அந்த வரி மறுபடியும் துருத்திக்கொண்டு நிற்குமே.

பிறகு அவன் கணினியிலிருந்தே எல்லாக் கோப்புகளின் மீதும் ஃபார்மேட்டரை ஓட்டினேன். ஆயிரக்கணக்கான வரிகள் மாறின. அதில் ஒன்றை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? மேலாளர் இரண்டு பக்கம் உருட்டிவிட்டு, ஃபார்மேட்டிங்தானே என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்பது எங்களிடம் பதிவாகும். எல்லா வரியிலும் அவன் பெயர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான்.

அந்தப் பதிப்பு அம்மாவின் இயந்திரத்தில் ஏறிய பிறகு ஒருநாள், தங்கை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காது கீழேதான் இருந்திருக்கும். மணி கேட்டால் போட்டது போட்டபடி ஓடிவருவாள், பலமுறை வந்திருக்கிறாள். அம்மா புரண்டு படுத்ததில் குழாய் உடம்புக்கு அடியில் மடங்கிவிட்டது. இயந்திரம் வாயைத் திறக்கவில்லை.

"என் பேருதான் இருக்கு, அப்ப நான்தான் தப்பா எழுதியிருக்கணும்" என்று அவன் உங்களிடம் அழுதானாம். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்திருப்பான், அது அவன் வழக்கம். இரக்கப்பட்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் மேசையில் அந்தக் கோப்பை அச்செடுத்து வைத்திருக்கிறீர்களே, பாருங்கள். ஒரு வரிகூடப் பிசகவில்லை. அது அவன் பெயரில் இருப்பதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

மூத்த மகன் என்பதால் அம்மாவை என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். இருமல் இல்லை, கிண்ணம் இல்லை. கையையும் காலையும் நானே நேராக்கினேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் ஐயா, அம்மா என் வீட்டில் பயமில்லாமல் படுத்திருந்தாள்.