பனிக்குடம் எப்போது உடைந்தது என்ற கேள்வி பற்றி

என் பெயரும் விலாசமும் முன்பே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது இருபத்தாறு. ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் அலசும் வேலை. சரக்கு வண்டி ஓட்டும் கணவருடனும் மாமியாருடனும் வசித்து வருகிறேன். எங்கள் குழந்தை இறந்ததற்குப் பிரசவ வார்டு நர்ஸின் அலட்சியமே காரணம் என்று என் கணவர் கொடுத்துள்ள புகார் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் காலை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தபோது காலோடு வெதுவெதுப்பாகத் தண்ணீர் இறங்கியது. எங்கள் வேலையில் இடுப்புக்குக் கீழே காய்ந்த துணி என்ற பேச்சே கிடையாது. "உன் பிள்ளை நீச்சல் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பிறக்கும்" என்று கூட வேலை செய்யும் அக்கா கேலி செய்வார். அதனால் தொட்டித் தண்ணீர் என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து உடை மாற்றினேன். மாற்றிய துணியும் நனைந்தது. மாமியாரிடம் சொன்னதற்கு, "வலி வரட்டும்மா. இப்பவே போனா கத்திய எடுத்துருவாங்க" என்றார். அவருடைய மகள் ஆபரேஷனுக்குப் பிறகு வெகுகாலம் நிமிர முடியாமல் கிடந்தவர். ஆகவே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழைய புடவையைக் கிழித்து, மடித்து மடித்து அவரே கொடுத்தார்.

மறுநாள் பிற்பகல்தான் வலி கண்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "பனிக்குடம் எப்பம்மா உடைஞ்சுது?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார். டாக்டரானாலும் கடைக்காரரானாலும் என்னிடம் யார் எது கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்வார். எனக்கும் அது பழகிப்போயிருந்தது. அன்றும் அவரே, "இப்பத்தான், வர்ற வழியில" என்றார். நர்ஸ் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு ஆண் குழந்தை பிறந்து நன்றாக அழுதான். சில மணி நேரத்தில் பால் குடிக்காமல், மூச்சு விடும்போதெல்லாம் முனகினான். உடம்பு கொதித்தது. அதை முதலில் கவனித்தவர் அந்த நர்ஸ்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய செருப்பு ஒன்று என் கட்டிலடியிலேயே கிடந்தது. பனிக்குடம் உடைந்து நெடுநேரமானதால் கிருமி ஏறியிருக்கிறது என்றும், முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஊசி போட்டு, பிறந்ததுமே குழந்தையைக் கண்காணிப்பில் வைத்திருப்போம் என்றும் டாக்டர் பிறகு சொன்னார். மூன்றாம் நாள் குழந்தை இறந்துவிட்டான். பெயர் வைக்கவில்லை.

இந்த விவரம் என் கணவருக்குத் தெரியாது. வயிறெரிந்து புகார் கொடுத்துவிட்டார். நர்ஸ் மீது தவறு இல்லை. இதைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "அவளுக்குப் பேச வராதுங்க, நான் சொல்றேன்" என்று இருமுறை கதவருகே வந்தார். அவரை வெளியிலேயே இருக்கச் சொல்லும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். மேலே உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. யாவும் உண்மை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

(கையொப்பம்)