மெழுகறையில் காத்திருந்தவன்

பச்சை மெழுகில் பிசின் கூடினால் முத்திரை வெடித்துவிடும், சுவாமி. குறைந்தால் கோடை வெயிலில் தூதனின் பைக்குள்ளேயே அதன் முகத்தில் பதிந்த சின்னம் அழிந்துபோகும். பாவசங்கீர்த்தனத்தை மெழுகில் தொடங்குகிறேனே என்று நினைக்காதீர்கள். பாரிஸ் அரண்மனையில் பதினெட்டு ஆண்டுகளாக முத்திரைக்கு மெழுகு உருக்குபவன் நான். கடித ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால் எழுத்தறியாதவனைத்தான் இந்த வேலைக்கு வைப்பார்கள்.

எனக்கு எழுத்து தெரியும். யாருக்கும் தெரியாமல் கோபேர் கற்றுத்தந்தான். அப்போது அவன் அரசருக்குச் சவரம் செய்பவன். வேலை முடிந்ததும் மெழுகறைக்கு வந்து, என் கையைப் பிடித்து எழுதவைப்பான்.

"டேய் அன்சோ, இது எழுத்தா, செத்துப்போன சிலந்தியா?"

அவன் பிடித்த கை என்பதால், போகப்போக என் எழுத்து அவன் எழுத்தாகவே ஆகிவிட்டது.

தொண்டையில் கத்தி வைப்பவனை அரசர் நம்பித்தானே ஆகவேண்டும். அந்த நம்பிக்கை வளர்ந்தது. ஐந்தே ஆண்டில் கோபேர் அரசரின் அந்தரங்க அதிகாரி. கோட்டை, நிலம், சொந்த முத்திரை எல்லாம் வந்தன. மெழுகறைக்கு வருவது நின்றது. ஒருநாள் வழியில் மறித்தேன்.

"என்ன பிரபுவே, எங்க அறைக்கு வழி மறந்துபோச்சா?"

"வேலை கழுத்தை நெரிக்குதுடா. அடுத்த வாரம் கட்டாயம் வர்றேன்."

ஏழு மாதம் காத்திருந்தேன்.

முத்திரையைப் பெயர்ப்பது கடினமில்லை. மெல்லிய கம்பியைச் சூடாக்கி அடியில் மெதுவாக இழுக்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் இளகும். முகம் அப்படியே இருக்கும். அவனுடைய பழைய கடிதம் ஒன்றிலிருந்து எடுத்தேன். எதிரி அரசனுக்கு அவன் எழுதியதைப் போல நான் எழுதிய கடிதத்தில் ஒட்டினேன். அவனை வெறுத்த பிரபு ஒருவரின் வாசலில் போட்டேன். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார்.

துரோகத்துக்குத் தூக்கு. சிறையில் அவனைப் பார்க்க மனைவிகூட வரவில்லை. அவன் அங்கே இருந்த நான்கு நாளும் நான் போனேன்.

"நீ ஒருத்தன்தான்டா வந்திருக்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "யாரோ முத்திரையைப் பெயர்த்து ஒட்டியிருக்காங்க. ஓரத்தைப் பார்த்தா உனக்குத் தெரிஞ்சிடும். ராஜாகிட்ட சொல்லு. உன் பேச்சை நம்புவாரு."

நம்பியிருப்பார். என்னை அழைத்துக் கேட்கவும் செய்தார்.

"இது கோபேரோட முத்திரைதானா, அன்சோ?"

"அசல் முத்திரைதாங்க, ராஜா."

அதில் பொய்யில்லை, சுவாமி.

தூக்குமேட்டில் அவனைத் தொங்கவிட்டபோது அத்தனை கூட்டத்தில் அழுதவன் நான் ஒருவன்தான். இவ்வளவு அன்பு வைத்தவன் ஏன் காப்பாற்றவில்லை என்கிறீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவனை விடுவித்திருப்பார்கள். மறுபடியும் அரசரிடம்தானே போயிருப்பான், மெழுகறைக்கா வந்திருப்பான்?